எட்டாவது இடம் யாருக்கு? ஃபிடே கவுன்சிலுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஃபிடே கவுன்சில் உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

செஸ் உலகச் சாம்பியன் போட்டி நெருங்கும்போது எங்களைப் போன்ற ரசிகர்கள் இரண்டு பேரைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருப்போம். ஒருவர் பட்டத்தை வைத்திருப்பவர், மற்றவர் அதைக் கேட்டு வருபவர். முதல் ஆட்டத்தில் என்ன ஓப்பனிங் வரும், நேர நெருக்கடியில் யார் நிதானமாக இருப்பார், பதினான்கு ஆட்டத்திலும் முடிவு வராமல் ரேபிட் என்ற வேக ஆட்டத்துக்குப் போனால் யாருக்குச் சாதகம் என்று பேச்சு நீளும். நான் எழுத வந்தது அதற்கு முந்தைய கட்டத்தைப் பற்றி. சாம்பியனுக்கு எதிரில் உட்காரும் உரிமையை ஒருவர் எப்படிப் பெறுகிறார்? அந்த வழியை அமைப்பது உலகச் செஸ் கூட்டமைப்பான ஃபிடே, அதாவது நீங்கள். அதனால்தான் மடல் உங்களுக்கு.

கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாம்பியனுக்குச் சவால் விடுபவரைத் தேர்ந்தெடுக்கும் கேண்டிடேட்ஸ் தொடரின் எட்டு இடங்களில் ஒன்றை, வீரரின் பலத்தைக் காட்டும் எண்ணான ரேட்டிங்குக்கு ஒதுக்கும் வழக்கத்தை அடுத்த சுழற்சியிலிருந்து நிறுத்துங்கள். அந்த இடத்தையும் ஆடி வெல்லும் இடமாக மாற்றுங்கள். ஒரு சுழற்சியின் முதல் போட்டி தொடங்கிய பிறகு தகுதி விதிகளில் ஒரு வரியைக்கூட மாற்றாதீர்கள். 2026 கேண்டிடேட்ஸுக்கான சுழற்சியைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. அதன் விதிகள் எல்லோருக்கும் தெரிந்தவை, அவற்றை நம்பித்தான் எட்டுப் பேரும் வந்தார்கள். அதில் இனி யாரும் கை வைக்கக் கூடாது.

யார் வழியாக வந்தால் என்ன, கடைசியில் நன்றாக ஆடுபவர்தானே வெல்வார் என்று சிலர் சொல்வார்கள். இந்த விளையாட்டின் வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

அலெக்சி ஷிரோவை நினைத்துப் பாருங்கள். 1998இல் ஸ்பெயினின் கஸோர்லாவில் அவரும் விளாதிமிர் கிராம்னிக்கும் மோதினார்கள். வென்றவர் அன்றைய சாம்பியன் காஸ்பரோவோடு பட்டத்துக்கு ஆடுவார் என்பதுதான் ஏற்பாடு. ஷிரோவ் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் 5.5–3.5 என்று வென்றார். ஆனால் காஸ்பரோவுக்கும் அவருக்கும் நடக்க வேண்டிய போட்டிக்குப் பணம் திரளவில்லை, அது நடக்கவே இல்லை. 2000இல் லண்டனில் காஸ்பரோவுக்கு எதிரே உட்கார்ந்தவர் கிராம்னிக். தகுதிப் போட்டியில் தோற்றவர் உலகச் சாம்பியன் ஆனார். கிராம்னிக் அந்தப் போட்டியில் அற்புதமாக ஆடினார், ஒரு தோல்வியும் இல்லாமல் 8.5–6.5 என்று காஸ்பரோவை வீழ்த்தினார், அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனாலும் அந்தப் பட்டத்தைப் பற்றிப் பேசும் ஒவ்வொரு முறையும் ஷிரோவின் பெயர் கூடவே வருகிறது. இத்தனை ஆண்டுகள் கழித்தும் வருகிறது. அந்தப் போட்டி ஃபிடேவுக்கு வெளியே நடந்தது என்பதும் எனக்குத் தெரியும். பட்டம் இரண்டாகப் பிரிந்து கிடந்த காலம் அது.

ஃபிடேவுக்கு உள்ளேயும் இப்படி நடந்திருக்கிறது. அதை எங்கள் தலைமுறை ரசிகர்கள் இன்னும் மறக்கவில்லை. 1997 டிசம்பரில் ஹாலந்தின் குரோனிங்கனில் நடந்த நீண்ட நாக்அவுட் தொடரில் ஆனந்த் சுற்றுச் சுற்றாக ஆடி, இறுதியில் மைக்கேல் ஆடம்ஸைச் சமநிலையை முறிக்கும் டைபிரேக்கில் வென்றார். சில நாள் இடைவெளியில், 1998 ஜனவரி தொடக்கத்தில், லோசானில் அவருக்காகக் காத்திருந்தவர் அன்றைய ஃபிடே சாம்பியன் அனதோலி கார்போவ். கார்போவ் அந்த நாக்அவுட்டில் ஒரு ஆட்டம்கூட ஆட வேண்டியிருக்கவில்லை. அவருக்கு இறுதிப் போட்டியில் நேரடி இடம் என்று அன்றைய விதி சொன்னது. களைப்போடு வந்த ஆனந்த் ஆறு ஆட்டங்களில் 3–3 என்று சமன் செய்து, அப்புறம் ரேபிட் டைபிரேக்கில் தோற்றார். அன்று கார்போவ் விதியை மீறவில்லை. குறை விதியிலேயே இருந்தது. விதி ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் நன்றாக ஆடுபவர் எப்போதும் வெல்வார் என்று சொல்ல முடியாது, வென்றவருக்கும் அந்த வெற்றி முழுதாகக் கிடைப்பதில்லை.

நீங்கள் மாற மாட்டீர்கள் என்று நினைத்து நான் இதை எழுதவில்லை. ஃபிடே பல முறை மாறியிருக்கிறது. 1962இல் குராசாவோவில் நடந்த கேண்டிடேட்ஸ் தொடரில் பெட்ரோசியான், கெரஸ், கெல்லர் மூவரும் தங்களுக்குள் ஆடிய 12 ஆட்டங்களும் டிராவில் முடிந்தன. பாபி ஃபிஷர் வெளிப்படையாகக் குற்றம் சாட்டினார். அவர் சொன்னதில் எவ்வளவு நியாயம் என்று இன்றுவரை வாதம் நடக்கிறது. ஆனால் அடுத்த சுழற்சியிலேயே அந்தத் தொடர், இருவர் இருவராக மோதும் போட்டிகளாக மாறியது. அதேபோல, போட்டி நடத்துபவர் விருப்பப்படி ஒருவரைச் சேர்த்துக்கொள்ளும் வைல்டு கார்டு முறை இருந்தது. 2020 யெகாத்தரின்பர்க் தொடருக்குக் கிரில் அலெக்சியென்கோ அந்த வழியாக வந்தபோது விமர்சனம் எழுந்தது. 2022க்கு அந்த வழியை நீக்கிவிட்டீர்கள். நல்ல முடிவு. அதே வரிசையில் அடுத்து நீக்க வேண்டியது ரேட்டிங் இடம் என்கிறேன்.

ரேட்டிங் என்ற அமைப்பின் மேல் எனக்கு மரியாதை உண்டு. அர்பாத் ஈலோ வகுத்த கணக்கு அது. 1970 முதல் ஃபிடே அதைக் கையாள்கிறது. யாரும் யாரிடமும் கெஞ்சாமல், எந்தத் தேர்வுக் குழுவின் தயவும் இல்லாமல், ஒரு வீரரின் பலத்தை ஓர் எண்ணாகச் சொல்லிவிடுகிறது. செஸ்ஸில் இருப்பதுபோல் ஒழுங்கான தரவரிசை பல விளையாட்டுகளில் கிடையாது. ஆனால் அது நடந்து முடிந்ததை அளப்பதற்கான கருவி. நீங்கள் அதைப் பரிசு வாங்கும் சீட்டாக மாற்றியபோது, வீரர்கள் அந்த எண்ணுக்காகவே ஆட ஆரம்பித்தார்கள். சில நேரம் அந்த எண்ணுக்காகவே ஆடாமல் இருக்கவும் ஆரம்பித்தார்கள்.

கணக்கைப் பார்த்தால் காரணம் புரியும். ஒரு ஆட்டத்தால் ரேட்டிங் எவ்வளவு மாறலாம் என்பதைத் தீர்மானிக்கும் கே மதிப்பு, உச்சியில் இருக்கும் வீரர்களுக்கு 10. 2800 ரேட்டிங் உள்ளவர் 2700 உள்ளவரிடம் தோற்றால் ஆறு புள்ளிக்கு மேல் போய்விடும். டிரா செய்தால்கூட ஒன்றரைப் புள்ளி அளவுக்குக் குறையும். ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறையச் சம புள்ளி எடுத்தவர்கள் மோதும் சுவிஸ் தொடரில் பதினொரு சுற்று இப்படிப்பட்ட எதிரிகளோடு ஆடுவது ரேட்டிங்கைப் பொறுத்தவரை பெரிய ஆபத்து. மறுபக்கம், தன்னைவிட மிகக் குறைந்த ரேட்டிங் உள்ளவர்களோடு ஆடினால் என்ன ஆகும்? இருவருக்கும் இடையில் எவ்வளவு வித்தியாசம் இருந்தாலும் 400 என்றே கணக்கில் எடுக்கும் விதி நீண்ட காலம் இருந்தது. அதன்படி ஒவ்வொரு வெற்றிக்கும் 0.8 புள்ளி நிச்சயம். பத்து ஆட்டம் வென்றால் எட்டுப் புள்ளி. ஆக, ஒரே ஒரு இடத்துக்காக இரண்டு மூன்று புள்ளி வித்தியாசத்தில் ஓடும் ஒருவருக்கு, பலசாலிகளைத் தவிர்த்துவிட்டு எளிய போட்டிகளைத் தேடிப் போவதுதான் புத்திசாலித்தனம் என்று உங்கள் விதியே சொல்லிக் கொடுத்தது.

2023 டிசம்பரில் அதுதான் நடந்தது. டொரன்டோ கேண்டிடேட்ஸுக்கான ரேட்டிங் இடம் 2024 ஜனவரிப் பட்டியலை வைத்து முடிவாக வேண்டும். வெஸ்லி சோ முன்னால் இருந்தார், அலிரேசா ஃபிரோஜா சற்றே பின்னால். ஆண்டு முடிய சில நாட்களே இருக்கும்போது ஃபிரான்சின் ஷார்த் நகரில் ஃபிரோஜாவுக்காக அவசரமாகச் சில போட்டிகள் ஏற்பாடாயின. எதிரே உட்கார்ந்தவர்கள் அவரைவிட ரேட்டிங்கில் மிகவும் தாழ்ந்த கிராண்ட்மாஸ்டர்கள். எதிர்ப்பு கிளம்பியது, அந்த ஆட்டங்கள் ரேட்டிங் கணக்கில் சேரவில்லை. உடனே அவர் ரூவான் நகரில் ஒரு ஓப்பன் போட்டியில் இறங்கி ஏழுக்கு ஏழு எடுத்தார். இடம் அவருக்குப் போனது. வெஸ்லி சோ வீட்டில் உட்கார்ந்து பட்டியலைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். அந்தக் கடைசி நாட்களில் இருவரும் ஒரு பலகையின் எதிரெதிரே உட்காரவே இல்லை. உலகச் சாம்பியன் பட்டத்துக்கான வழியில், ஒரு வீரர் இன்னொரு வீரரை வெல்லாமலேயே அவர் இடத்தை எடுத்துக்கொள்ள முடிந்தது. ஃபிரோஜாவுக்கு அப்போது இருபது வயது. கிடைத்த வாய்ப்பை முயன்று பார்த்தார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை.

நீங்கள் பாடம் கற்றுக்கொண்டு விதியைத் திருத்தினீர்கள். ஒரே பட்டியலுக்குப் பதிலாக ஆறு மாதச் சராசரி என்றீர்கள். சும்மா உட்கார்ந்து ரேட்டிங்கைக் காத்துக்கொள்பவருக்கு இடம் கிடைக்கக் கூடாது என்று 40 ஆட்டங்கள் ஆடியிருக்க வேண்டும் என்றீர்கள். இரண்டும் நல்ல எண்ணத்தில் வந்த திருத்தங்கள். 2025இல் விளைவைப் பார்த்தோம். ரேட்டிங்கில் உலகின் இரண்டாம் இடத்தில் இருந்த ஹிகாரு நகமுரா, கேண்டிடேட்ஸுக்குத் தகுதி தரும் தொடர்களான கிராண்ட் சுவிஸிலும் ஆடவில்லை, உலகக் கோப்பையிலும் ஆடவில்லை. 40 என்ற எண்ணிக்கையை நிரப்புவதற்காக அமெரிக்காவின் லூசியானா மாநிலச் சாம்பியன்ஷிப்பிலும் அயோவா ஓப்பனிலும் ஆடினார். எதையும் மறைக்கவில்லை, நோக்கத்தை வெளிப்படையாகவே சொன்னார். அங்கே அவரோடு ஆடியவர்களுக்கு அது வாழ்நாள் அனுபவமாக இருந்திருக்கும், அந்த மகிழ்ச்சியை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் உலகப் பட்டத்துக்குச் சவால் விடும் தகுதிக்கும் அந்தப் போட்டிகளுக்கும் என்ன சம்பந்தம்? அப்புறம் 2025 அக்டோபரிலிருந்து, 2650க்கு மேல் இருப்பவர்களுக்கு அந்த 400 விதி பொருந்தாது என்று இன்னொரு திருத்தம் வந்தது. சரியான திருத்தம்தான், ஆனால் சுழற்சி ஓடிக்கொண்டிருக்கும்போது, ரேட்டிங் சராசரி கணக்காகிக்கொண்டிருக்கும் அதே மாதங்களில் வந்தது.

ஒரு கிழிசலுக்கு ஒட்டுப் போட்டால் பக்கத்தில் இன்னொன்று கிழிகிறது. துணியே நைந்துபோயிருக்கிறது என்பதை ஏற்றுக்கொள்ள வேண்டிய நேரம் இது. இன்னும் பத்துத் திருத்தம் போட்டாலும், அந்த எண்ணுக்கு ஒரு பரிசு இருக்கும்வரை அந்த எண்ணை மட்டும் குறிவைக்கும் வழி ஒன்று இருந்துகொண்டே இருக்கும்.

இங்கே எனக்கு எதிராகச் சொல்லக்கூடிய வலுவான வாதங்கள் உண்டு. அவற்றைத் தாண்டிப் போக விரும்பவில்லை.

முதலாவது, ரேட்டிங் வழியாக வந்தவர்கள் சாதாரணமானவர்கள் இல்லை. 2013 லண்டன் கேண்டிடேட்ஸுக்கு மாக்னஸ் கார்ல்சன் வந்தது ரேட்டிங்கால்தான். அங்கே கிராம்னிக்கோடு 8.5 புள்ளியில் சமமாக முடித்து, அதிக வெற்றிகள் என்ற டைபிரேக்கில் முந்தி, அதே ஆண்டு நவம்பரில் சென்னையில் ஆனந்தை வென்று சாம்பியன் ஆனார். 2018இல் பெர்லின் கேண்டிடேட்ஸை வென்று கார்ல்சனுக்குச் சவால் விட்ட ஃபேபியானோ கருவானாவும் ரேட்டிங் வழியில் வந்தவர்தான். உண்மை. ஆனால் அவர்கள் எப்படி அந்த ரேட்டிங்கை எட்டினார்கள் என்று பாருங்கள். ஆண்டு முழுவதும் உலகின் பலமான போட்டிகளில், உலகின் பலமான வீரர்களோடு ஆடி எட்டினார்கள். ரேட்டிங் அவர்கள் ஆட்டத்தின் விளைவாக வந்தது. இன்று அது ஆட்டத்தைத் தேர்ந்தெடுக்கும் காரணமாக மாறிவிட்டது. அன்று கிராண்ட் சுவிஸும் இல்லை, ஓராண்டுப் போட்டிகளின் புள்ளிகளைக் கூட்டி இடம் தரும் சர்க்யூட்டும் இல்லை. ஒரு பெரிய வீரர் நாக்அவுட்டில் ஒரு கெட்ட நாளால் வெளியேறினால் அவருக்கு வேறு வழிகள் அதிகம் இருக்கவில்லை. இன்று வழிகள் இருக்கின்றன. உலகின் இரண்டாம் நிலை வீரருக்கு உலகக் கோப்பையில் மூன்று இடம், கிராண்ட் சுவிஸில் இரண்டு இடம், இரண்டு ஆண்டுகளின் சர்க்யூட்டில் ஆண்டுக்கொன்று என்று ஏழு கதவுகள் திறந்திருக்கின்றன. உண்மையிலேயே அவர் இரண்டாம் நிலை வீரர் என்றால் அவற்றில் ஒன்றின் வழியாக வர முடியும். வர வேண்டும்.

இரண்டாவது வாதம் டிங் லிரென். இதை எழுதும்போது எனக்கே மனம் தடுமாறுகிறது. பெருந்தொற்றுக் காலத்தில் சீனாவிலிருந்து வெளியே வர முடியாமல், விசா கிடைக்காமல், 2022 கிராண்ட் பிரி தகுதித் தொடரில் ஆட முடியாமல் போனார் அவர். ரேட்டிங் இருந்தது, தேவையான 30 ஆட்டங்கள் இல்லை. ரஷ்ய வீரர் கர்யாகினுக்குத் தடை விழுந்து கேண்டிடேட்ஸில் ஒரு இடம் காலியானபோது, சீனச் செஸ் சங்கம் அவசரமாக ஏற்பாடு செய்த போட்டிகளில் சில வாரங்களுக்குள் இருபதுக்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆடி அந்த இடத்தைப் பிடித்தார். மாட்ரிட்டில் நடந்த அந்தத் தொடரில் நெப்போம்னியாச்சிக்கு அடுத்து இரண்டாம் இடம் வந்தார். கார்ல்சன் பட்டத்தைக் காக்க விரும்பாததால், 2023இல் அஸ்தானாவில் நெப்போம்னியாச்சியை எதிர்த்து ஆடி, ரேபிட் டைபிரேக்கில் வென்று உலகச் சாம்பியன் ஆனார். ரேட்டிங் வழி இல்லாதிருந்தால் அப்படி ஒரு சாம்பியனை நாம் இழந்திருப்போம்.

நான் அவர் விஷயத்தைத் திரும்பத் திரும்ப யோசித்தேன். அவர் வந்தது காலியான இடத்துக்கு. தடை, நோய், விலகல் என்று எதிர்பாராமல் ஒரு இடம் காலியானால் அதை நிரப்ப ஒரு நியாயமான அளவுகோல் வேண்டும், அதற்கு ரேட்டிங்கைவிட நல்லது இல்லை. அந்த இடம் காலியாகப் போகிறதா என்று யாருக்கும் முன்கூட்டியே தெரியாது, அதனால் அதற்காக ஓராண்டு திட்டமிட்டுப் புள்ளி சேர்க்கவும் முடியாது. எனவே ரேட்டிங்கைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. மாற்று வீரரைத் தேர்ந்தெடுக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். குறைந்தபட்ச ஆட்டங்கள் என்ற நிபந்தனை அங்கேயும் இருக்கட்டும், ஆனால் எப்படிப்பட்ட போட்டிகள் அந்தக் கணக்கில் சேரும் என்பதை முன்பே எழுதிவையுங்கள்.

நான் இவ்வளவு பிடிவாதமாக இதைக் கேட்பதற்கு இன்னொரு பக்கம் இருக்கிறது. இந்திய வீரர் அர்ஜுன் எரிகைசியைப் பற்றி நினைக்கும்போது அது எனக்கு அதிகம் உறுத்துகிறது. பெரிய அழைப்புப் போட்டிகளில் தொடர்ந்து இடம் கிடைக்காத காலத்தில் அவர் ஓப்பன் போட்டிகளுக்குப் போனார், கிளப் லீகுகளில் ஆடினார், ஒவ்வொரு டிராவும் புள்ளியைத் தின்னும் இடங்களில் ஆடி வென்று வென்று 2024 டிசம்பர்ப் பட்டியலில் 2800ஐத் தாண்டினார். ஒலிம்பியாடில் நாட்டுக்காக ஆடினார். 2023, 2024 இரண்டு ஆண்டுகளிலும் சர்க்யூட்டில் கடைசி மாதம் வரை போராடினார். 2025 கோவா உலகக் கோப்பையில் காலிறுதிவரை போனார், அங்கே வெய் யியிடம் தோற்றார். 2026 கேண்டிடேட்ஸின் எட்டுப் பேரில் அவர் இல்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை, தோற்றவர் வெளியே இருப்பதுதான் போட்டி. ஆனால் அடிக்கடி ஆடுபவரின் ரேட்டிங் ஏறும், இறங்கும். உலகக் கோப்பையிலும் கிராண்ட் சுவிஸிலும் இறங்கி அதைப் பணயம் வைப்பவரையும், அந்த இரண்டையும் ஒதுக்கிவிட்டு ரேட்டிங்கைப் பத்திரமாக வைத்திருப்பவரையும் ஒரே பட்டியலில் நிறுத்தி, இரண்டாமவருக்கு இடம் கொடுக்கும் விதி, இளம் வீரர்களுக்கு என்ன சொல்கிறது? ஆடாதே, காத்துக்கொள் என்கிறது. செஸ்ஸை வளர்க்க 1924இல் பாரிசில் தொடங்கிய ஓர் அமைப்பு சொல்ல வேண்டிய செய்தியா இது?

சரி, அந்த எட்டாவது இடத்தை யாருக்குக் கொடுப்பது? என் விருப்பம் கிராண்ட் சுவிஸின் மூன்றாம் இடம். உலகக் கோப்பைக்கு ஏற்கெனவே மூன்று இடங்கள் இருக்கின்றன. இரண்டு ஆட்டக் குறும்போட்டிகளில் அதிர்ஷ்டத்துக்குக் கொஞ்சம் பங்கு உண்டு. கோவாவில் முதல் நிலை வீரராக இறங்கிய குகேஷே மூன்றாம் சுற்றில் ஃபிரெடெரிக் ஸ்வானேவிடம் தோற்று வெளியேறினார். அதுவும் அந்தத் தொடரின் அழகுதான், உஸ்பெகிஸ்தானின் பத்தொன்பது வயது சிந்தரோவ் அதை வென்றதைப் பார்த்தவர்கள் யாரும் அந்தத் தொடரைக் குறைத்துப் பேச மாட்டார்கள். ஆனால் பதினொரு சுற்று சுவிஸ் என்பது வேறு. நூற்றுக்கும் மேற்பட்ட பலமான வீரர்கள், வெல்ல வெல்ல எதிரி கடினமாகிக்கொண்டே போவார், யாரும் யாரையும் தவிர்க்க முடியாது. 2025இல் சமர்கண்டில் அனிஷ் கிரி 8 புள்ளியோடு வென்றார். அடுத்து 7.5 புள்ளியில் ஜெர்மனியின் மத்தியாஸ் ப்ளூபாமும் அலிரேசா ஃபிரோஜாவும். கடைசிச் சுற்றில் இருவரும் ஒருவரோடொருவர் ஆடி டிரா செய்தார்கள். டைபிரேக் ப்ளூபாமுக்குச் சாதகமாக இருந்தது, அவர் கேண்டிடேட்ஸ் போனார். ஃபிரோஜா போகவில்லை.

இதை நீங்கள் கவனிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். 2023இல் அவசரமாக ஏற்பாடான போட்டிகளால் விமர்சனத்துக்கு ஆளான அதே ஃபிரோஜா, 2025இல் உலகின் மிகக் கடினமான சுவிஸ் தொடரில் பதினொரு சுற்று ஆடி, டைபிரேக்கில் மட்டுமே பின்தங்கி வெளியே நின்றார். நான் சொல்லும் முறை இருந்திருந்தால் இந்த முறை அவர் உள்ளே இருந்திருப்பார். யாரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க முடியாது. 2023இல் அவருக்கும் வெஸ்லி சோவுக்கும் தேவைப்பட்டது அப்படி ஒரு களம்தான்.

சர்க்யூட்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இதை ஒரு தமிழ் ரசிகன் சொல்வதுதான் சரி. 2023இல் குகேஷ் கேண்டிடேட்ஸுக்குள் வந்தது சர்க்யூட் வழியாக. முதலிடம் பிடித்த கருவானா உலகக் கோப்பை வழியாகவே தகுதி பெற்றிருந்ததால் அந்த இடம் அடுத்தவருக்கு வந்தது. அந்த அடுத்தவர் யார் என்பதை முடிவு செய்ததில் 2023 டிசம்பரில் நடந்த சென்னை கிராண்ட் மாஸ்டர்ஸ் போட்டிக்குப் பெரிய பங்கு உண்டு. ஆண்டின் கடைசியில், குறுகிய அறிவிப்பில் நடந்த எட்டுப் பேர் போட்டி அது. குகேஷும் அர்ஜுனும் 4.5 புள்ளியில் சமமாக முடிக்க, டைபிரேக்கில் குகேஷ் முதலிடம் பெற்று, சர்க்யூட்டில் அனிஷ் கிரியைத் தாண்டினார். அப்போது வெளிநாடுகளில் முணுமுணுப்பு எழுந்தது. எங்களில் பலருக்கு அது பிடிக்கவில்லை. அந்தப் போட்டி பலமான போட்டி, ஷார்த் ஆட்டங்களோடு அதை ஒப்பிடவே முடியாது என்பது என் கருத்து. அதற்குப் பிறகு டொரன்டோவில் பதினான்கு சுற்றில் 9 புள்ளி எடுத்து, ஏழாம் சுற்றில் ஃபிரோஜாவிடம் தோற்ற பிறகும் நிமிர்ந்து, நெப்போம்னியாச்சியும் கருவானாவும் 109 நகர்த்தல் ஆடி டிரா செய்த அந்தக் கடைசி நாளில் பதினேழு வயதில் சவால் விடும் உரிமையை வென்றார். சிங்கப்பூரில் பதினான்காவது ஆட்டத்தில் டிங்கை வீழ்த்தினார். கேள்விகளுக்கெல்லாம் பலகையில் பதில் சொன்னவர் அவர்.

ஆனாலும் நாளை இதே மாதிரி வேறொரு நாட்டில், வேறொரு வீரருக்காக, ஆண்டின் கடைசி வாரங்களில் ஒரு போட்டி முளைத்தால் நாங்கள் என்ன சொல்வோம்? அன்று எங்கள் பையனுக்கு நடந்ததால் இது நியாயம், இன்று வேறு ஒருவருக்கு நடப்பதால் அநியாயம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆகவே கேட்கிறேன்: சர்க்யூட்டில் சேரும் போட்டிகளின் பட்டியலை ஜூன் 30க்குள் மூடுங்கள். அதற்குப் பிறகு அறிவிக்கப்படும் போட்டி எவ்வளவு பலமானதாக இருந்தாலும் அந்த ஆண்டுக் கணக்கில் சேரக் கூடாது. போட்டி நடத்துபவர்களுக்கு இது சிரமம்தான். ஆதரவாளர்கள் கடைசி நேரத்தில்தான் பணம் தருவார்கள் என்பதும் தெரியும். அப்படிப்பட்ட போட்டிகள் தாராளமாக நடக்கட்டும், ரேட்டிங்கும் பரிசும் தரட்டும், சர்க்யூட் புள்ளி மட்டும் வேண்டாம்.

நடுவழியில் விதியை மாற்றுவதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன், ஏனென்றால் அதற்கு நீங்கள் கொடுத்த விலை உங்களுக்கே தெரியும். 2008இல் கிராண்ட் பிரி நடந்துகொண்டிருக்கும்போது அதன் பலனை மாற்றியதால் கார்ல்சனும் ஆடம்ஸும் விலகினார்கள். 2010 நவம்பரில், அப்போது பத்தொன்பது வயதே ஆகியிருந்த கார்ல்சன், சுழற்சி நீண்டுகொண்டே போகிறது, விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன, சாம்பியனுக்கு அளவுக்கு மீறிய சலுகை இருக்கிறது என்று எழுதிவிட்டு 2011 கேண்டிடேட்ஸிலிருந்தே விலகினார். உலகின் மிகச் சிறந்த இளம் வீரர் இல்லாமல் அந்தத் தொடர் கசானில் நடந்தது. 2024 சுழற்சியில்கூட, ரேட்டிங் இடம் யாருக்கு என்ற குழப்பம் ஆண்டின் கடைசி நாட்கள்வரை இழுத்தது. எந்த ஆட்டம் கணக்கில் சேரும், எது சேராது என்று வீரர்களே செய்திகளைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

நான் செஸ் கற்றுக்கொள்ளும் சிறுவர்களோடு பேசுகிறவன். உலகச் சாம்பியனோடு ஆட என்ன செய்ய வேண்டும் என்று அவர்கள் கேட்கும்போது, உலகக் கோப்பை, கிராண்ட் சுவிஸ், சர்க்யூட் என்று ஒவ்வொன்றாகச் சொல்லும்வரை கண் விரிகிறது. ரேட்டிங் இடத்துக்கு வரும்போது சராசரி, குறைந்தபட்ச ஆட்டம், விலக்கு என்று நான் விளக்க ஆரம்பித்ததும், அதற்கு யாரை ஜெயிக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். என்னிடம் பதில் இல்லை.

அடுத்த சுழற்சியின் விதிகளை எழுத உட்காரும்போது, வரைவை முதலில் வெளியிடுங்கள். கேண்டிடேட்ஸில் ஆடியவர்களும், அதை மயிரிழையில் தவறவிட்டவர்களும் கருத்துச் சொல்ல இரண்டு மாதமாவது கொடுங்கள். வெஸ்லி சோவிடமும் அர்ஜுனிடமும் கேளுங்கள், நகமுராவிடமும் கேளுங்கள். இந்த விதிகளின் சந்துபொந்துகளை அவர்களைவிட நன்றாக அறிந்தவர்கள் இல்லை. அப்புறம் இறுதி விதியை, சுழற்சியின் முதல் போட்டியில் முதல் காய் நகர்வதற்கு முன் அறிவித்துவிடுங்கள். ரேட்டிங் இடத்தை வைத்துக்கொள்வதுதான் சரி என்று நீங்கள் முடிவு செய்தால், அதற்கான காரணத்தையும் அதே அறிவிப்பில் எழுதுங்கள். கிராண்ட் சுவிஸில் மூன்றாவதாக வந்து வெளியே நிற்கும் வீரர் அதைப் படிக்க வேண்டும்.

மரியாதையுடன்,
ஒரு செஸ் ரசிகன்